ஆனந்தராஜின் கம்பியும் என் மைக் செட்டும்

கிளிஞ்சல்மேடு அம்மன் கோயில் மைக் செட்டைப் பார்த்துக்கொள்கிறவன் நான், கவியரசன். நாளைக்குக் கடலுக்குப் போகக் கூடாது என்பதிலிருந்து யார் வீட்டில் துக்கம் என்பது வரை, பஞ்சாயத்தார் சொல்வதெல்லாம் கோயில் குழாய் ஒலிபெருக்கி வழியாகத்தான் ஊருக்குத் தெரியும். சுனாமிக்கு மூன்றாம் வருஷம் ஒருநாள், தலைவர் கண்ணையன் பேசிக்கொண்டிருக்கும்போதே குழாய் வாத்து மாதிரிக் கத்தியது. ஊரே சிரித்தது. திட்டு வாங்கினது நான்.

காரணம் ஆனந்தராஜ். படகு இன்ஜின் மெக்கானிக். போன் இல்லாமலே வெளியூர்க்காரர்களோடு பேசுகிற அமெச்சூர் ரேடியோவுக்குப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியிருந்தான். கோயிலை ஒட்டிய இரண்டு தென்னைகளுக்கு இடையில் செம்புக் கம்பி கட்டி, அதன் நடுவிலிருந்து ஒரு கறுப்புக் கேபிளைக் கோயில் சுவரோடு சுவராக வீட்டுக்குள் கொண்டுபோயிருந்தான். அவன் ரேடியோவில் பேசினால் என் குழாய் கத்தும்.

அவனை முழுசாகத் திட்டவும் முடியவில்லை, அதுதான் கொடுமை. சுனாமியில் அவன் தங்கை வினிதாவைக் காணோம். போனெல்லாம் செத்துக் கிடந்தது. ஐந்தாம் நாள் அவள் படத்துக்கு மாலை போட்டோம். மாலை வாங்கி வந்தவனே நான்தான். ஏழாம் நாள் நாகப்பட்டினத்து முகாமிலிருந்து லாரியில் வந்து இறங்கினாள். தன் படத்தில் தொங்கிய மாலையைத் தானே பார்த்தாள். போன் செத்தாலும் சேதி வந்துசேர வேண்டும் என்று அதற்கப்புறம்தான் அவனுக்கு இந்த ரேடியோ பைத்தியம்.

ஆனாலும் எத்தனை நாள் பொறுப்பது? நாலாவது தடவை கத்தியதும் புகார் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் கம்பியை இறக்கிவிட வேண்டும் என்று பஞ்சாயத்தில் முடிவானது.

படாத பாடு பட்டான். கம்பியை ஏற்றினான், இறக்கினான், திருப்பிக் கட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், அவனோடு ரேடியோவில் பேசிப் பழகிய நாகூர் மதார் சாகிப் அதிலேயே சொன்னார்: கம்பியோடு நிற்க வேண்டிய அலை, கேபிளின் வெளிப்பின்னல் வழியாகக் கீழே இறங்குகிறது, கேபிளைப் பத்துச் சுற்றுச் சுற்றிக் கட்டினால் அடங்கும்.

சுற்றினான். எங்கே? படகில் மிச்சக் கயிற்றைக் காலடியில் சுருட்டி வைப்போமே, அந்தப் பழக்கத்தில் ரேடியோவின் காலடியில்! வியாழக்கிழமை பேசிப் பார்த்தான். குழாய் மூச்சுவிடவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டோம். அவன் மனைவி கனகம் வந்து, “கரண்டு போயி அரமணி நேரமாவுது” என்றாள். அவன் ரேடியோ படகு பேட்டரியில் ஓடுவது; கரண்டில்லாமல் செத்துக் கிடந்தது என் மைக் செட்தான். மைக் செட்காரன் எனக்கே அது தோன்றவில்லை. கரண்டு வந்தது, வாத்தும் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை கம்பியை இறக்கினான். கேபிள் சேரும் நடு இடம் முகத்துக்கு நேராக வந்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

“அண்ணே, கேபிளு இங்கதான ஆரம்பிக்குது? இங்க தடுக்காம, எல்லாம் எறங்குனப்புறம் வூட்டுக்குள்ள தடுத்து என்னா புண்ணியம்?”

சுருளை அங்கேயே கட்டி, கேபிளைக் கோயில் சுவரிலிருந்து விலக்கி, கம்பியை மறுபடி ஏற்றினோம். இந்தத் தடவை முதலில் மைக்கில் நான் “ஹலோ” சொல்லிக் கரண்டைப் பார்த்துக்கொண்டேன். அவன் பேசினான். குழாயில் ஒரு சத்தமும் இல்லை.

சாயங்காலம் கூட்டத்தில் கண்ணையன் நம்பவில்லை. “நேத்தும் இப்புடித்தான் குதிச்சீங்க. இனிமே கத்தாதுன்னு யாரு பொறுப்பு?”

துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நான் சபையில் விழுந்து கும்பிட்டேன்.

“நான் பொறுப்புங்க. கத்துனா என் மைக் செட்டை எறக்கிடுறேன், அவன் கம்பி இருக்கட்டும். உசுரோட இருக்குற புள்ளைக்கு இன்னொரு தடவ மாலை வாங்க என்னால ஆவாதுங்க.”