ஓதில்யா வெட்டத் தயங்கிய ஒரே தலை

ஓதில்யாவின் பார்லரில் "நுனியை மட்டும்" என்று சொல்லி உட்கார்ந்த எவளும் நாலு விரல் முடியைப் பறிகொடுக்காமல் எழுந்ததில்லை. பைசாந்து ஊரில் பாதிப் பெண்களின் கழுத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த பெருமை அவளையே சேரும். கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்த மணப்பெண்கூடத் தப்பவில்லை. சண்டைக்குப் போனால், "முடிதானே, வளரும்" என்பாள். நான் முப்பது வருடமாகத் திட்டிக்கொண்டே அவளிடம்தான் போகிறேன். இதில் எனக்கே என்மேல் எரிச்சல் உண்டு.

போன வருடம் அவளுடைய வலது கட்டைவிரல் மூட்டு வீங்கிப்போனது. இரண்டு வெட்டு வெட்டுவாள், கையை உதறுவாள், கண்ணில் தண்ணீர் நிற்கும். அந்த நாட்களில்தான் எங்களுக்கெல்லாம் நிஜமாகவே நுனி மட்டும் போனது. கேட்டது கிடைத்தும் ஒருத்திக்கும் சந்தோஷமில்லை. டாக்டர் கடையை மூடச் சொல்லிவிட்டார். தனியாக வாழ்கிறவள். கடையை மூடிவிட்டு யாரோடு வம்பளப்பாள்?

கஞ்சாப் பூவைக் கொழுப்பில் காய்ச்சித் தடவினால் மூட்டுக்கு நல்லது என்று யாரோ சொல்ல, வீட்டில் வளர்க்க எங்கள் நாட்டுச் சட்டம் விடுவதால், தபால் நிலையத்தில் பெயரைப் பதிந்துவிட்டு வந்து ஆறு விதை போட்டாள். ஐந்து கன்றுகளை எறும்பு அறுத்துத் தின்றது. மிஞ்சிய ஒன்று கொல்லை மதிலோரம் விறுவிறுவென்று வளர்ந்தது. மதிலோ நெஞ்சளவுதான். பூ முற்றும் பருவத்தில் தெருவுக்குத் தலை காட்டிய செடியைத் திருடன் விட்டுவைக்க மாட்டான். இளசாக இருக்கும்போதே நடுக்கொழுந்தை வெட்டிவிட்டு, பக்கக் கிளைகளை வளைத்துக் கட்டினால் செடி தாழ்வாகப் படரும். ஊரே சொன்னது. ஓதில்யா வெட்டவில்லை.

"இப்போ தேய்பிறைடி. இதுல வெட்டுனா அப்புறம் துளிர்க்காது."

"என் தலையை எத்தனை தேய்பிறையில வெட்டியிருக்க?"

"உன் தலையும் இதுவும் ஒண்ணா? உன் முடி போனா யாருக்கு நஷ்டம்?"

வளர்பிறை வந்தது. மழையாக இருக்கிறது என்றாள். மழை விட்டது. ஞாயிற்றுக்கிழமை, கரி மூட்டி இறைச்சி சுடுகிற நாளில் கத்தரிக்கோல் எடுக்க மாட்டேன் என்றாள். திங்களன்று பார்லருக்கு விடுமுறையாம்.

பக்கத்து வீட்டு எவாரிஸ்தோ, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், மாத்தே இலைத் தேநீர்க் குவளையோடு மதிலுக்கு மேல் தலையை நீட்டுவார். அவரும் ஒரு செடி வைத்திருந்தார். அதன்மேல் இரும்பே படவிடவில்லை.

"ஓதில்யாம்மா, என்னோடதைப் பாத்தீங்களா? கூரையைத் தொடப்போவுது!"

"தொடட்டும் தொடட்டும். திருடன் வழி கேக்க வேண்டியதில்ல" என்றேன் நான்.

எங்கள் ஊரில் கோடையில் வரும் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பார்த்தால், ஓதில்யாவின் செடி மதில் உயரத்துக்கு ஒரு சாண்தான் பாக்கி. எனக்குப் பொறுக்கவில்லை. கடைக்குள் போய்க் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"நீ வெட்டறியா, நான் வெட்டட்டுமா?"

வெடுக்கென்று பிடுங்கினாள். "உன்னை நம்பித் தலையைக் குடுக்க முடியுமா?"

இதை என்னிடம் சொன்னவள் யாரென்று பாருங்கள்.

அப்புறம் உள்ளே போய், எங்கள் கழுத்தில் கட்டும் வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து செடியின் அடித்தண்டைச் சுற்றிக் கட்டினாள். தண்ணீர் தெளித்தாள். இலைகளை விரலால் கோதினாள். "நுனி மட்டும்தான் கண்ணு, பயப்படாத" என்று செடியிடம் சொன்னாள். கொழுந்தை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாள். வெட்டிய கையோடு தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"கொன்னுட்டேனாடி?"

"முடிதானே, வளரும்" என்றேன். முப்பது வருடம் காத்திருந்து சொன்ன வார்த்தை. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

வளரத்தான் செய்தது. வெட்டிய இடத்தில் இரண்டாகக் கிளைத்தது. அந்தக் கிளைகளை நூலால் வளைத்து, பாரம் தொங்கவிடுவதற்கு முடி சுருட்டும் உருளைகளைக் கட்டினாள். அங்கங்கே கிளிப். மேலே கொண்டை வலை. விருந்துக்குக் கிளம்பும் அம்மாளைப் போல அது குந்திக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ளை பாத்தாச்சா?" என்று எவாரிஸ்தோ மதில்மேல் விழுந்து சிரித்தார்.

மார்ச் மாதம் ஒரு காலையில் அதே மதிலுக்கு அந்தப் பக்கம் அலறல் கேட்டது. கூரையைத் தொட்ட செடி இருந்த இடத்தில் அடிக்கட்டையும், திருடன் விட்டுப்போன ஒற்றைச் செருப்பும்தான் இருந்தன. ஓதில்யாவின் கொல்லையில் தெருவிலிருந்து பார்த்தால் துணி காயும் கொடி மட்டும்தான் தெரியும். நான் நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் என் கையைக் கிள்ளிவிட்டு, "காய்ச்சினதும் உங்களுக்கும் ஒரு டப்பா தரேன், அழாதீங்க" என்றாள் மதிலைப் பார்த்து.

காய்ச்சினாள். தடவினாள். குணம் கொடுத்தது அந்தக் களிம்பா, அவள் பிடிவாதமா, எனக்குத் தெரியாது.

குளிர் தொடங்கியதும் ஒரு நாள் போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். "நுனி மட்டும், ஓதில்யா" என்றேன், பழக்கத்தில். ஊர்க்கதை பேச ஆரம்பித்தோம். கத்தரிக்கோல் சத்தம் நிற்கவே இல்லை. அவள் கையை உதறவும் இல்லை. திடீரென்று கழுத்தில் சில்லென்று காற்று பட்டது. கண்ணாடியைப் பார்த்தேன். வலது காது முழுசாகத் தெரிந்தது. நாலு விரல் போயிருந்தது.

"அடிப்பாவி!" என்று கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக யாரையும் திட்டியதில்லை. கழுத்துத் துணியோடு எழுந்து அவளைக் கட்டிக்கொண்டேன்.

"விடுடி" என்றாள். "இடது பக்கம் இன்னும் பாக்கி இருக்கு."