அம்மா வீட்டில் இருந்த மாதங்கள்

எனக்கு எட்டு வயது நடந்தபோது அம்மா சில மாதங்கள் வீட்டில் இருந்தாள். இதில் என்ன விசேஷம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கோலார் தங்கவயலில் வளர்ந்தவர்கள் கேட்க மாட்டார்கள். சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் ஊரில் பாதிப் பேர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய், இருட்டிய பின் திரும்புகிறவர்கள். அம்மா அங்கே ஒரு கார்மெண்ட்ஸில் சட்டைகளுக்குக் காலர் தைத்தாள். நான் கண் விழிக்கும்போது அவள் இருக்க மாட்டாள். அவள் வரும்போது நான் பாதித் தூக்கத்தில் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் எங்களுடையது. அன்றைக்கும் துணி துவைத்துக்கொண்டோ, மாவு அரைத்துக்கொண்டோ, என்னையும் தம்பியையும் திட்டிக்கொண்டோதான் இருப்பாள்.

நாளெல்லாம் மெஷினில் குனிந்திருந்ததில் அவளுக்கு முதுகுவலி முன்பே உண்டு. அவளோடு ரயிலில் போகும் பெண்கள் எல்லோர் பையிலும் சீப்பு இருக்கிற மாதிரி ஒரு வலி மாத்திரை அட்டையும் இருக்கும். மெடிக்கல் கடையில் யார் கேட்டாலும் கொடுப்பார்கள். காலையில் ஒன்று, வலி மிஞ்சினால் சாயங்காலம் ஒன்று, பெரும்பாலும் வெறும் வயிற்றில் டீயோடு. நெஞ்சு எரிகிறது என்று சோற்றுத்தட்டை அவள் தள்ளி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். கடையில் கேட்டவுடன் கிடைக்கிற மாத்திரை கெடுதல் செய்யும் என்று எங்கள் வீட்டில் யாரும் நினைக்கவில்லை.

ஒரு சாயங்காலம் பங்காருபேட்டையில் ரயில் மாறும் அவசரத்தில் அம்மா படியில் கால் வழுக்கி, பிளாட்பாரத்தில் மல்லாக்க விழுந்தாள். முதுகெலும்பில் விரிசல். பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே போன மறுநாளே கறுப்பாக வாந்தி எடுத்தாள். இத்தனை வருஷம் விழுங்கிய மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கி வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. இனி அந்த வகையே ஆகாது என்று சொல்லி, வலிக்கு டிராமடால் எழுதிக் கொடுத்தார்கள். அது அபினியின் இனத்தைச் சேர்ந்த மருந்து என்பதெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பெங்களூர் மாத்திரை.

அப்படித்தான் அம்மா வீட்டுக்கு வந்தாள். சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளை எங்கள் ஊரில் லைன் என்போம். ஸ்கெலட்டன் லைனில் எங்கள் வீட்டின் முன்னறையில், கட்டிலில் பலகை போட்டு அவளைப் படுக்க வைத்தார்கள். அதுவரை பக்கத்து வீட்டில் இருந்த அத்தையிடம், அப்பாவின் அக்காவிடம், வளர்ந்த நாங்கள் கட்டிலைச் சுற்றியே குடியிருந்தோம்.

எனக்கு அவள் புதிய அம்மாவாக இருந்தாள். முகம் மலர்ந்திருந்தது. குரல் தாழ்ந்து, மெத்தென்று ஆகியிருந்தது. ஹோம்வொர்க் எழுதினாயா என்று கேட்கவில்லை. தம்பி சுவரில் கரியால் கிறுக்கியதைப் பார்த்து, "யானையாடா? அழகா கீது" என்றாள். மூக்கைச் சொறிந்துகொண்டே கதை சொன்னாள். சின்ன வயதில் மழைக்காலத்தில் ஒரு நாள் அவளும் அவள் தோழியும் பூதிகோட்டைக்குக் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போய், தெரியாத ஆட்களின் பந்தியில் உட்கார்ந்துவிட்ட கதை. மாப்பிள்ளை வீட்டுக்காரர் வந்து, நீங்கள் யார் பிள்ளைகள் என்று கேட்கும் இடத்தில் ஒவ்வொரு முறையும் கண் சொருகித் தூங்கிப் போவாள். நான் அவள் விழிக்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். விழித்ததும் கதையை முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அந்த மாப்பிள்ளை வீட்டுக்காரருக்கு அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பால் பொங்கி அடுப்பு அணைந்தால் சிரித்தாள். தோசை கருகினால் அதற்கும் சிரித்தாள். மதியம் பள்ளிவிட்டு வந்து அவள் பக்கத்தில் ஒட்டிப் படுத்தால், "வா கண்ணு" என்று இடம் விடுவாள். அவள் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டது அந்த மாதங்களில் மட்டும்தான். இப்போது நானே பெங்களூருக்கு ரயிலில் போய் வருகிறவள். மருந்தைப் பற்றித் தெரிய வேண்டியதெல்லாம் தெரியும். ஆனாலும் மதிய வெயிலில் தகரக் கூரை படபடக்கும் சத்தம் எங்கே கேட்டாலும், அந்தக் கட்டிலில் அவள் பக்கத்தில் போய்ப் படுக்க வேண்டும் போல மனம் அடித்துக்கொள்கிறது.

அத்தைக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. "இன்னாடா இவ, எப்பப் பாரு தூங்கிகினே கீறா" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா ராபர்ட்சன்பேட்டையில் ஆட்டோ ஓட்டினார். முதுகு உடைந்தவள் தூங்காமல் நடனமா ஆடுவாள் என்று அக்காவிடம் கோபித்துக்கொண்டார். டாக்டர் எழுதிய மாத்திரை எப்போதோ தீர்ந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியாது. பார்க்க வந்த ரயில் சிநேகிதிகள், டாக்டர் சீட்டு கேட்காத ஏதோ ஒரு கடையிலிருந்து வாங்கி வந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பாவம், அவள் வலி பொறுக்காமல் கேட்டாள், அவர்களும் மனம் பொறுக்காமல் கொடுத்தார்கள்.

ஒரு நாள் பள்ளிவிட்டு வந்தபோது கதவு திறந்து கிடந்தது. அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்று வயதுத் தம்பியைக் காணவில்லை. அத்தையின் வீட்டிலும் அவன் இல்லை, குழாயடியிலும் இல்லை. அத்தை போட்ட கூச்சலில் லைன் முழுவதும் தெருவுக்கு வந்தது. யாரோ அப்பாவுக்குப் போன் செய்தார்கள். தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய மண் எங்கள் லைனுக்குப் பின்னால் மலையாகக் குவிந்து கிடக்கும். சயனைடு மலை என்போம். மழை அறுத்த பள்ளங்கள் அதில் ஆள் உயரத்துக்கு இருக்கும். ஆண்கள் அந்தப் பக்கம் ஓடினார்கள்.

நான் அம்மாவை உலுக்கினேன். "மா, தம்பியக் காணோம்மா."

அவள் மெல்லக் கண் திறந்தாள். என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள். "எங்க போவப் போறான்... வந்துடுவான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஊரே கதறும்போது என் அம்மா ஒருத்திதான் பயப்படவில்லை என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அவள் சொன்னபடியே தம்பி வந்தான். ஒரு பள்ளத்துக்குள் உட்கார்ந்து, செருப்பில் மண்ணை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தவனை அப்பா தூக்கி வந்தார். கண் இமைவரை வெள்ளை வெளேரென்று மண். அப்படியே கொண்டுவந்து கட்டிலுக்கு முன் நிறுத்தினார். அம்மா விழித்துப் பார்த்து, "பவுடர் போட்டுகினியாடா?" என்று சிரித்தாள். அப்பா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். தம்பிதான் கிடைத்துவிட்டானே, இன்னும் ஏன் அழுகிறார் என்று நான் யோசித்தேன்.

சாயங்காலம் அம்மா தெளிந்ததும் அத்தை எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தாள். அம்மா நம்பவில்லை. என்னைக் கூப்பிட்டாள்.

"நீ என்னை எழுப்பினியாடி?"

"எழுப்பினேனே. வந்துடுவான்னு சொன்னியேம்மா."

"நானா சொன்னேன்?"

"ஆமாம்மா. சிரிச்சிகினே சொன்ன" என்றேன், அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று.

அம்மா தம்பியை மடியில் இழுத்துப் போட்டு, அவன் தலையிலிருந்த மண்ணை விரலால் கிளறிக் கிளறி எடுத்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் காலையில் அவளே அப்பாவிடம் சொன்னாள்: "வண்டிய எடுங்க. டாக்டராண்ட போலாம்."

பங்காருபேட்டையில் இருந்த டாக்டரம்மா கன்னடக்காரர். தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். அம்மா முதுகை அழுத்திப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார்.

"அடிபட்டப்போ இந்த மாத்திரை வேணும்மா. தப்பு இல்ல. கேன்சர் வலின்னா நானே எழுதித் தர்றேன். ஆனா உங்க எலும்பு கூடிருச்சு. இப்போ வலி கேக்கல, உடம்புதான் மாத்திரை கேக்குது."

"அப்ப பழைய மாத்திரையே கடையில வாங்கிப் போட்டுகிலாமா?" என்றார் அப்பா.

"வேண்டவே வேண்டாம். அதுதான இவங்க வயித்தப் புண்ணாக்குச்சு. பாராசிட்டமால் போதும், அதுவும் நான் சொல்ற அளவுக்கு மேல கூடாது. சும்மா கடையில கிடைக்குதுன்னு அள்ளிப் போட்டா அதுவும் ஈரலக் கெடுக்கும். இப்போ சாப்பிடற மாத்திரைய ஒரேயடியா நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமா குறைக்கலாம். வாரா வாரம் வாங்க."

அம்மா கேட்டாள்: "பாராசிட்டமால்ல வலி போவுமா டாக்டரம்மா?"

"முழுசா போகாது. கொஞ்சம் போகும். வெந்நீர் ஒத்தடம், நான் காட்டற பயிற்சி, அதுல இன்னும் கொஞ்சம். மீதி இருக்கும்."

"எத்தினி நாளைக்கு?"

டாக்டரம்மா அம்மா கைமேல் தன் கையை வைத்தார்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் எங்கள் வீட்டில் யாரும் சிரித்ததாக நினைவில்லை. அம்மாவுக்கு மூக்கு ஒழுகியது, ஓயாமல் கொட்டாவி வந்தது, வியர்த்தது, வயிறு போனது. கால்கள் தாமாக உதறிக்கொண்டன. ஜலதோஷம் என்று எங்களிடம் சொன்னார்கள். மாத்திரையை அத்தை தன் வீட்டில் பூட்டி வைத்து, வேளைக்கு உரியதை மட்டும் கொண்டுவந்து கொடுத்தாள். குறைத்த நாட்களில் அம்மா அவளைக் கெஞ்சினாள். "ஒன்னே ஒன்னு குடுங்க அண்ணி, உங்க கால்ல விழறேன்." அத்தை வாசலில் போய் நின்று மூக்கைச் சிந்துவாள், ஆனால் கொடுக்க மாட்டாள். அப்பாவிடம் அம்மா கத்தினாள்: "வலி எனக்கு. நீங்க நல்லா நின்னுகினு பாருங்க!" அப்பா நின்று பார்த்தார். வேறென்ன செய்வார்? ஒத்தடத்துக்கு வெந்நீர் வைக்கப் போனார்.

எனக்கு அவர்கள்மேல் ஆத்திரமாக வந்தது. நன்றாக இருந்த அம்மாவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டுபோய் யாரோ ஒரு டாக்டரிடம் கெடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள் என்றே நம்பினேன்.

மாத்திரை முழுவதும் நின்றது. அம்மா எழுந்தாள். இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி சமைத்தாள். பழைய குரல் திரும்பி வந்துவிட்டது. சுவரிலிருந்த யானையைத் துடைத்தெடுத்து, தம்பி முதுகில் ஒன்று வைத்தாள். என் நோட்டுகளைப் பிரித்துப் பார்த்து, எழுதாமல் விட்ட பாடங்களுக்காகக் காதைத் திருகினாள். பக்கத்தில் போய்ப் படுத்தால், "தள்ளிப் படுடி, முதுகு இழுக்குது" என்றாள்.

ஒரு காலை பள்ளிக்குக் கிளம்பும்போது எனக்குத் தலை வாரினாள். உட்கார்ந்தால் எழ முடியாது என்பதால் நின்றுகொண்டே வாரினாள். நெற்றிப்பொட்டு வலிக்க இழுத்துப் பின்னினாள். நான் அழ ஆரம்பித்தேன்.

"இன்னாடி இப்ப? ஆடாம நில்லு."

"எனக்கு அந்த அம்மாதான் வேணும்."

"எந்த அம்மா?"

"படுத்துகினே இருந்துச்சே... அந்த அம்மா."

பின்னிக்கொண்டிருந்த கை நின்றது. அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். விழவில்லை. எனக்குப் பின்னால் அவள் மூச்சை இழுத்துப் பிடித்துவிடும் சத்தம் மட்டும் கேட்டது.

"எனக்குந்தான்டி அவ வேணும்" என்றாள் அம்மா.

பிறகு மீதிப் பின்னலை முன்னைவிட இறுக்கமாகப் பின்னி, ரிப்பன் கட்டி, "ஓடு, பெல் அடிச்சிடப் போறான்" என்று முதுகில் தட்டி அனுப்பினாள்.

தெருவில் இறங்கியதும் என் அழுகை நின்றுவிட்டது. அம்மாவும் ஆசைப்படுகிறாள், அப்படியானால் அவள் எப்படியும் வந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு நான் சந்தோஷமாகப் பள்ளிக்குப் போனேன்.