உவரிக் காற்றை அளக்கப் போன ஆடி மாதம்

ஐரோப்பாவில் யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பு, பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளியில் நான் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி உவரிக் கடற்கரையில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த முதல் வருஷமே, ஆனியில் மேற்கேயிருந்து மேல்காற்று எழும்பியதும் அவளுக்கு மூச்சிழுப்பு வந்தது. காற்று அடங்கும்வரை சுவரில் தலையணையைச் சாய்த்து, உட்கார்ந்தபடியேதான் தூங்குவாள். வருஷா வருஷம் அப்படித்தான்.

நான்காவது வருஷம் சித்திரையிலேயே சொன்னாள்: "ஏங்க, இந்தத் தடவ காத்து கெளம்புததுக்கு முன்ன என்னைய எங்க ஊர்ல கொண்டு விட்டுருங்க. அங்கன எனக்கு ஒண்ணும் செய்யாது."

"எதனால வருதுன்னு தெரியாம அங்க போயி என்ன செய்ய? காத்துல என்ன கெடக்குன்னு மொதல்ல பாத்திருதேன்" என்றேன்.

பள்ளியில் நல்ல மைக்ரோஸ்கோப் ஒன்று இருந்தது. மூங்கிலும் காடாத்துணியும் கொண்டு ஆள் உயரப் பட்டம் கட்டினேன். அதன் நடுவில் ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் ஆமணக்கெண்ணெய் தடவிய கண்ணாடித் துண்டு. பட்டம் உயரே போனபின் இரண்டாவது நூலை இழுத்தால் மூடி திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். கண்ணாடியில் ஒட்டிய தூசியை, கோடு கிழித்த கண்ணாடிச் சில்லை வைத்துத் துகள் துகளாக அளந்தேன். அவளுடைய தலைமயிர் ஒன்று எட்டுக் கோடு பருமன் இருந்தது. தாழப் பறந்தபோது சிக்கிய மணல் அதைவிடப் பெரிது. உயரத்தில் கிடைத்ததோ ஒரு கோட்டுக்கும் குறைந்த பொடி. அதுதான் நெஞ்சுக்குள் இறங்குகிறது என்று நினைத்தேன். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க உவரிக் காற்றும் வேண்டுமே என்று, அவளை அனுப்பாமல் ஆடி பாதிவரை இழுத்தடித்தேன். அதற்குள் அவளால் பத்தடி நடக்க முடியாமல் போயிற்று.

பக்கத்து வீட்டு அம்மாளைத் துணைக்கு வைத்துவிட்டுப் பட்டத்தோடு வண்டி ஏறினேன். உவரியில் மீன்பிடிக்கும் அவள் அண்ணன் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி எங்க மாப்பிள?"

"அவளுக்கு மூச்சு முட்டுது. அளவு எடுத்துட்டுப் போயி கூட்டிட்டு வாரேன்."

"அவளுக்கு மூச்சு முட்டுதுங்கீரு. பட்டத்தத் தூக்கிட்டு வந்திருக்கீரே வே!"

ஆனாலும் நூலைப் பிடித்துக்கொண்டார். பாய்மரம் பழகிய கை. பட்டம் ஒரே மூச்சில் ஏறியது.

ஊர் திரும்பியதும் நான் வீட்டுக்குப் போகவில்லை. நேரே பள்ளிக்குப் போய் அந்தக் கண்ணாடியை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். இரண்டு மூன்று உப்புத் துகள்கள். வேறொன்றும் இல்லை. ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அவள் மூச்சை இழுத்து இழுத்து, "இதத்தான சித்திரையில சொன்னேன்" என்றாள்.

அன்றே வண்டி பூட்டினோம். மறுநாள் திசையன்விளை தாண்டிச் செம்மணல் மேடுகளான தேரிக்குள் போகும்போது, "கடல் வாடை அடிக்குது" என்றாள். எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை. கொஞ்சத் தூரத்தில் அவள் தலை என் தோளில் சரிந்தது. வண்டிக்காரர் மாட்டை நிறுத்தினார்.

உவரியிலேயே அடக்கம் செய்தோம். அவள் அண்ணன் என்னை ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. மூன்றாம் நாள், "பைய போயிட்டு வாரும் மாப்பிள" என்று வண்டி ஏற்றிவிட்டார்.

அளவுகள் எழுதிய நோட்டைத் தலைமையாசிரியர் பார்த்துவிட்டு, பட்டணத்துக்கு அனுப்பச் சொன்னார். நான் அனுப்பவில்லை. அடுத்த ஆனி பிறக்குமுன் வேலையை விட்டுவிட்டுத் தூத்துக்குடியில் கொழும்புக் கப்பல் ஏறினேன்.