வாஷிங் மெஷினுக்குப் பின்னால் முளைத்தவை

எங்கள் அண்ணிக்குத் தெருவில் ஃபினாயில் என்று பெயர். நாளுக்கு மூன்று முறை வீடு கழுவுவார். காலையில் அழுக்குக்காக, மத்தியானம் மனத் திருப்திக்காக, சாயங்காலம் யாராவது வந்துவிட்டால் என்பதற்காக. யாரும் வருவதில்லை. வந்தால் கால் கழுவச் சொல்வார்.

அவர் பெற்ற பெண்ணுக்குத்தான் கல்லூரியில் 'தீங்கில்லாத பூஞ்சைகள்' என்று கட்டுரை கொடுத்தார்கள். புத்தகத்தைப் பார்த்து எழுதினால் போதாது. ஒன்றையாவது ஏழு நாள் நேரில் பார்த்து வரைய வேண்டும். இல்லாவிட்டால் பாடத்தில் தேற முடியாது.

கட்டிலுக்கு அடியில் டப்பாவில் ரொட்டித் துண்டு வைத்து வளர்த்தாள். மூன்றாம் நாள் அண்ணி மோப்பம் பிடித்து ரொட்டியையும் டப்பாவையும் எறிந்துவிட்டு, கட்டிலையும் கழுவினார். பூங்காவுக்குப் போனாள், மழையில்லாமல் புல்லே காய்ந்து கிடந்தது. கெடுவுக்கு ஒன்பது நாள்தான் பாக்கி.

எனக்கு ஓர் இடம் தெரியும். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் விழுந்த காலுறையை எடுக்கப் போனபோது, சுவரோரம் பழுப்பாகக் காது மடல்போல் ஏழெட்டு முளைத்திருந்ததைப் பார்த்தேன். அண்ணியின் துடைப்பம் எட்டாத ஒரே இடம். சொன்னால் முதல் அடி பூஞ்சைக்கு விழுமா, பார்த்த எனக்கு விழுமா என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அன்று அவள் சாப்பாட்டைத் தொடாமல் அழுதாள். மெதுவாகச் சொல்லிவிட்டேன்.

இருவரும் மெஷினை நகர்த்திக்கொண்டிருக்கும்போது அண்ணி வந்துவிட்டார், கையில் வாளியோடு.

"யாருடி இத இங்க வச்சது?"

"யாரும் வைக்கலம்மா. தானா வந்திருக்கு."

"என் வீட்டுக்கா?"

"ஈரம் இருந்தா வரும். நீ மூணு வேளை ஊத்துற தண்ணி பூரா இங்கதான் வந்து நிக்குது. நீ வளத்ததுதாம்மா!"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மிகச் சுத்தமாக இருந்தது.

"அத்த, நீங்க சொல்லுங்க. ஏழு நாள் விட்டாப் போதும்."

"விட்டுடலாம் அண்ணி," என்றேன். அந்த வீட்டில் நான் சொன்ன முதல் யோசனை அதுதான்.

வாளி கீழே இறங்கியது. "ஏழே நாள். எட்டாம் நாள் கழுவிடுவேன். யார் வீடுன்னு மட்டும் எழுதின, தொலைச்சுடுவேன்."

அந்த ஏழு நாளும் அண்ணிக்குத் தூக்கமில்லை. பக்கத்து வீட்டக்கா ஒருநாள் வந்தபோது, அந்தப் பக்கம் போய்விடாமல் இருக்க, துணியே போடாத மெஷினை ஓடவிட்டு அதன் முன்னால் நின்றுகொண்டார்.

கட்டுரை தேறியது. ஆசிரியர் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'இது மனிதருக்குத் தீங்கு செய்யாத வகை. நன்றாகக் கவனித்திருக்கிறாய்.' அண்ணி அதை இரண்டு முறை படித்தார். எட்டாம் நாள் எப்போதோ போய்விட்டது. மெஷினுக்குப் பின்னால் வாளி போகவில்லை.

மறுநாள் வாசலில் பக்கத்து வீட்டக்காவிடம் அவரே சொன்னார்:

"எங்க வீட்டுல பூஞ்சை இருக்குக்கா. கெடுதல் இல்லாத வகையாம், காலேஜ்லயே எழுதிக் குடுத்துட்டாங்க. உங்க வீட்டுல எந்த வகைன்னு யாராவது பாத்தாங்களா?"

அன்று மத்தியானம் பக்கத்து வீட்டில் கனமான எதையோ இழுத்து நகர்த்தும் சத்தம் வெகுநேரம் கேட்டது.