சாம்பல் கோட்டுக்குள் ஒரு தாலிக்கொடி

மழையில் நனைந்த கம்பளிக் கோட்டின் நாற்றம் மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் கை தானாகக் கழுத்துக்குப் போகும். விம்பிள்டனுக்குப் பக்கத்து மோர்டனில் நாங்கள் வளர்ந்த காலத்தில், இலை உதிரத் தொடங்கியதும் அம்மாக்கள் எல்லோரும் சாம்பல், பழுப்பு என்று ‘ஊத்தை தெரியாத’ நிறக் கோட்டுகளுக்குள் புகுந்துகொள்வார்கள். குளிருக்கு என்று வெள்ளைக்காரர் நினைத்திருக்கலாம். உண்மையில் தாலிக்கொடியை மறைக்கத்தான். “கோட்டை இழுத்துப் பூட்டு, கள்ளர் திரியிறாங்கள்” என்பா பெரியம்மா. அம்மா ஒரு படி மேலே போய், கொடியைக் கம்பளிச் சட்டையோடு சேஃப்டி பின்களால் குத்தி வைப்பார். இழுத்துப் பூட்டிய காலரே கள்ளனைக் கூப்பிடும் என்று எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு கார்த்திகைப் பின்னேரம், விம்பிள்டன் கோயிலில் இருந்து திரும்பும்போது முன்னால் ஓடிய என்னை, “எடியே சுதா, நில்லடி!” என்று தெருமுனை வரை கேட்கும் தன் குரலில் அம்மா கூப்பிட்டார். நான் திரும்பியபோது, மோட்டார் சைக்கிளில் இருந்து குதித்த ஒருவன் அவருடைய கோட்டைப் பொத்தான்கள் தெறிக்கக் கிழித்து, கொடியில் கையைக் கோத்து இழுத்துக்கொண்டிருந்தான். தலைவழியே கழன்று போயிருக்க வேண்டிய கொடி பின்களில் மாட்டிக் கழுத்தை இறுக்கியது. அம்மா விழுந்தார். அவன் விடவில்லை, முகம் நடைபாதையில் உரசி இரத்தம் வர வர வண்டியை நோக்கி இழுத்தான். நான் பாய்ந்து அவன் மணிக்கட்டைக் கடித்தேன். வாயில் உதைத்தான், பல் போனது, நான் விடவில்லை. கடைசியில் அவன்தான் கொடியை விட்டான்.

“உயிர் போற நேரத்திலையும் கொடியை விடேல்லைப் பாருங்கோ!” என்று ஆஸ்பத்திரியில் பெரியம்மா பெருமைப்பட்டா. அவவையும் கடித்தால் என்ன என்று எனக்கு ஆத்திரம் வந்தது. “கொடியைக் கொண்டுபோய்க் குப்பையிலை போடுங்கோ, அவளின்ரை கழுத்தெல்லோ எனக்கு வேணும்!” என்று அப்பா எல்லோர் முன்னாலும் குழறி அழுதார்.

இந்த இலையுதிர்காலத்தில் கடைக் கண்ணாடிகளுக்குள் பொம்மைகள் எல்லாம் அதே பழுப்புக் கோட்டுடன், வெளியே தெரியத் தடித்த பொன் சங்கிலியுடன் நிற்கின்றன. அதுதான் நாகரிகமாம். அம்மா கழுத்துத் தழும்பு தெரியாமல் பொன்மஞ்சள் கம்பளிச் சால்வை ஒன்றைச் சுற்றியிருக்கிறார். “இந்தக் குளிருக்கு இந்த நிறந்தான், உங்களுக்கு நல்ல வடிவு” என்று நோர்பரிக் கடைப் பிள்ளை சொல்ல, அம்மா சிரித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். கொடி வங்கிப் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறது. தெருமுனை வரை கேட்ட அந்தக் குரல் பிறகு திரும்பி வரவேயில்லை.