புவனேஸ்வரன் தேடிய கட்டைவிரல்

புவனேஸ்வரன் என்ற பெயரை நான் முதலில் கேட்டது கோமளா வாயால்தான். செங் வட்டாரத்து ஃபேக்டரியில் வேலை முடிந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் என் வீட்டுக்கு வந்தாள்.

"பெரியம்மா, போலீசுல வெளியாளு ஒருத்தர எடுத்திருக்காங்க. ரேகை பாக்குறவராம், ஈப்போக்காரரு. பேரு புவனேஸ்வரன். அவரு சொன்னாதான் அம்மாவத் தருவாங்களாம்."

கோமளா என் ஓரகத்தி அன்னம்மா எடுத்து வளர்த்த பிள்ளை. வயதாகி நினைவு தப்பிய அன்னம்மா, ஒரு நாள் வீட்டை விட்டு நடந்தவள் திரும்பவில்லை. ஐந்தாம் நாள் ஆற்றோரம் ஒரு கிழவியின் உடல் கிடைத்தது. முகம் தெரியவில்லை. அன்னம்மா பிறந்த வீட்டில் யாரும் மிஞ்சவில்லை. கோமளா ரத்த உறவும் இல்லை. அதனால் ரத்தப் பரிசோதனைக்கு வழியில்லை. அடையாள அட்டை எடுத்தபோது அன்னம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தாள். பால் உறைய ஊற்றும் ஆசிட் தின்ற விரலை மெஷின் படிக்கவில்லை, பதிவில் ரேகை கிடையாது. யாரென்று காட்டாவிட்டால் அநாதைப் பிணமென்று அரசாங்கமே புதைத்துவிடும். என் அம்மாவுக்கு நான் கொள்ளி வைக்கணும் என்று கோமளா அழுதாள்.

மறுநாள் அவரே வந்தார். அறுபத்தாறு வயது, பென்ஷன்காரர், ஒல்லியான ஆள். பட்டணத்துப் போலீசில் ரேகை பார்த்தவர் ஓய்வு பெற்றதால் ஆறு மாத ஒப்பந்தத்தில் இவரை எடுத்திருக்கிறார்கள்.

"காப்பி குடிங்க தம்பி," என்றேன்.

"வேணாம்மா. இங்க குடிச்சிட்டு ரிப்போர்ட் எழுதுனா, அவங்க வீட்டாளுன்னு சொல்லிருவாங்க." தன் பையிலிருந்த ஃபிளாஸ்க்கை எடுத்து ஊற்றிக் குடித்தார். "மரம் வெட்டுறத விட்டா ரேகை திரும்பி வளந்துரும், செத்தவங்க விரல்ல தெளிவா இருக்கு. ஒத்துப் பாக்க அன்னம்மாவோட பழைய விரல் ரேகை வேணும். எங்கயாவது கைநாட்டு வச்சிருக்காங்களா?"

கோமளா ஓடிப்போய்த் தன் தோட்டத்துப் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டுகளைக் கொண்டுவந்தாள். அந்தக் காலத்தில் கையெழுத்துப் போடத் தெரியாத தாய்தகப்பன் அதில் கட்டைவிரல்தான் வைப்பார்கள். வருஷத்துக்கு இரண்டு பரீட்சை, ஆறு வருஷம், பன்னிரண்டு விரல்.

அவர் பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது முகம் சரியில்லை.

"இதுல பதினோரு விரலு சின்னப் புள்ளயோடது."

கோமளா தரையைப் பார்த்தாள்.

"யாருடி வச்சது?" என்றேன்.

"நான்தான் பெரியம்மா. கணக்குல செவப்பு மார்க்கு. அம்மாகிட்ட காட்டுனா ரோத்தான் அடிதான். வாத்தியாரு மேசையில மை இருந்துச்சு..."

"முப்பத்தஞ்சு வருசம் கழிச்சு மாட்டிக்கிட்டியே லா," என்று புவனேஸ்வரன் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மீதி இருந்தது ஆறாம் ஆண்டுக் கடைசிப் பரீட்சை. மூன்றாவது இடம் வந்ததால் அதை மட்டும் அம்மாவிடம் காட்டியிருக்கிறாள். பெரிய விரல், குறுக்கே உளி வெட்டிய தழும்பு. ஆனால் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை.

"வெட்டுக்காரி விரலு இவ்வளவு தெளிவா இருக்காதே. எங்கம்மாவும் வெட்டுக்காரிதான், எனக்குத் தெரியும். இது வேற யாரோ வச்சதுன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

கோமளா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் யோசித்தேன். அது என் நடு மகன் தினேஸ்வரன் பிறந்த வருஷம். அவனுக்குத் தொட்டில் போட்டபோது அன்னம்மா கட்டிலில் கிடந்தாள்.

"தம்பி, அந்த வருசம் அவ சாக்கடைக் கான்ல வழுக்கி விழுந்து கால ஒடச்சிக்கிட்டா. மூணு மாசம் ஆசிட்டத் தொடல. கைப்புள்ளய ஆயாக்கொட்டாயில விட்டுட்டு அவ மர நெரையயும் சேத்து நான்தான் வெட்டுனேன்."

அவர் எழுதிக்கொண்டார். என் விரலில் மை தடவி, கீழே பதிய வைத்தார். அன்னம்மாவுக்குப் பிறகும் பல வருஷம் மரம் வெட்டிய விரல், பதிந்ததில் பாதி வழவழவென்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், "எங்கம்மா விரலு எங்கயும் பதியல," என்று சொல்லிவிட்டுப் பையை மூடினார்.

நான்கு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. தழும்பும் ரேகையும் பொருந்தின. அன்னம்மாவை வாங்கி வந்தோம், கோமளாவே கொள்ளி வைத்தாள். புவனேஸ்வரன் சுடுகாட்டு கேட்டுக்கு வெளியே காரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

கருமாதிக்குக் கூப்பிட்டும் வரவில்லை. கோமளா சோற்றைக் கட்டிக்கொண்டு அவர் வாடகைக்கு இருந்த ஆயர் குரோவுக்குப் போனாள். ரிப்போர்ட்தான் முடிந்துவிட்டதே என்று வாசலில் நின்றே வாங்கிக்கொண்டாராம். மனைவி இறந்து ஒன்பது வருஷம், ஒரே மகள் ஆஸ்திரேலியாவில். உள்ளே ஒரு நாற்காலிதான் இருந்ததாம்.

ஒப்பந்தம் போன மாதம் முடிந்தது. அவர் ஈப்போவுக்குத் திரும்பவில்லை. ஆயர் குரோவில் அதே வாடகை வீட்டில் தனியாக இருக்கிறார்.