இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்க

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். யாரையும் நம்பவைக்க வேண்டிய தலையெழுத்து எனக்கில்லை. ஆனால் இது நடந்தது. சீனாவில், எங்கள் ஷியாபூ கடற்கரையில், போன சிங்மிங் விடுமுறையின் முதல் நாள் காலையில், என் கையில் வாக்கி டாக்கி இருக்கும்போதே நடந்தது. இதைச் சொல்ல வாயெடுத்தால் பயத்துக்கு முன்னால் கோபம்தான் வருகிறது. அன்றைக்கு வந்த கோபத்தை அப்படியே வைத்துச் சொல்கிறேன், கொஞ்சம் காட்டமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படம் எடுப்பவர்கள் எங்கள் ஊருக்குப் பேருந்து பேருந்தாக வருவார்கள். எல்லோருக்கும் வேண்டியது ஒரே படம்தான். கடல் உள்வாங்கிய சேற்றுவெளி, மூங்கில் கழிகள், நடுவே மூங்கில் தொப்பியோடு ஒரு மீனவர். கேட்ட நேரத்தில் மீனவர் தானாக வந்து நிற்பாரா? நாங்கள்தான் நிறுத்துவோம். நான் மேட்டின் மேல் வாக்கி டாக்கியோடு நிற்பேன். கீழே சேற்றில் அஷுய் மாமா இன்னொன்றை பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் கட்டியிருப்பார். இடது பக்கம் நகருங்கள், வலையை உயர்த்துங்கள் என்று நான் சொல்லச் சொல்ல அவர் செய்வார்.

அஷுய் மாமா என் அம்மாவின் தம்பி. அம்மா போன பிறகு எனக்கென்று இருக்கும் ஒரே ஆள்.

"வாழ்நாளெல்லாம் மீன் பிடிச்சேன், ஒரு பய திரும்பிப் பாக்கல" என்பார் என்னிடம். "இப்ப மீனே இல்லாத இடத்துல வலை வீசுறேன், வரிசையில நின்னு படம் பிடிக்கிறானுங்க. நீயே சொல்லு லான், இதுல யாரு மீனு, நானா அவனுங்களா?"

சிங்மிங்கில் செத்தவர்களின் கல்லறைக்குப் போவது எங்கள் வழக்கம், அன்று நாங்கள் அம்மாவின் கல்லறைக்குப் போக வேண்டிய நாள். புல்லைச் செதுக்கி, செத்தவர்களுக்கான தாள்பணம் எரித்து, பட்டாசு கொளுத்த வேண்டும். எல்லாம் என் வேனில் தயாராக இருந்தது. ஆனால் பாங் மாஸ்டர் விடவில்லை. பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றிப் படம் எடுக்கக் கற்றுத்தருகிற மனிதர் அவர்.

"செத்தவங்க எங்கேயும் ஓடிட மாட்டாங்க. வெளிச்சம்தான் ஓடிடும்" என்றார்.

பிழைப்பாயிற்றே, வேனைப் பூட்டிவிட்டு வாக்கி டாக்கியை எடுத்துக்கொண்டேன்.

காலை ஐந்து நாற்பதுக்கு மாமா சேற்றில் இறங்கினார். தரையோடு தரையாக மூடுபனி. எங்கள் ஊர்ப் பேச்சில் அவரிடம், "மாமா, கால் வலிச்சா சொல்லுங்க" என்றேன். அதற்குள் மாஸ்டர் திரும்பினார்.

"அது என்னம்மா குசுகுசுன்னு? எனக்குப் புரியிற மாதிரி பொதுச்சீனத்துல பேசு. ஆளைச் சீக்கிரம் கரையேத்தலாம்னு ரெண்டு பேரும் திட்டம் போடுறீங்களா?"

சொந்த மாமாவிடம், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போல, பொதுச்சீனத்தில் பேச வேண்டியதாயிற்று. இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.

எங்கள் கடலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது முன்பக்கமிருந்து வராது. முதலில் கரைப்பக்கமாக இருக்கும் பின்னோடையில் சத்தமில்லாமல் ஏறும். ஓடை நிறைந்தால் திரும்பும் வழி போயிற்று. மூடுபனி நாளில் கீழே நிற்பவருக்கு ஓடை தெரியாது. மேலே நிற்பவள்தான் அவருக்குக் கண். மேலே இருப்பவள் வா என்றால் வருவார், நில் என்றால் நிற்பார். இந்தத் தொழிலில் இது ஒன்றுதான் சட்டம்.

சூரியன் வந்தது. மாஸ்டர், "இன்னொரு தடவை" என்றார். மாமா வலை வீசினார். "கையை உயர்த்திச் செய்யச் சொல்லு. இன்னொரு தடவை." மீண்டும் வீசினார். கிழவர் குனிந்து குனிந்து நிமிர்வதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆறு பத்து. பின்னோடையில் ஏதோ பளபளத்தது. தண்ணீர்.

"போதும் மாஸ்டர். ஆளைக் கூப்பிடணும்."

"இன்னொரு தடவை" என்றார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் அவரைக் கேட்கவில்லை. எங்கள் ஊர்ப் பேச்சிலேயே வாக்கி டாக்கியில் சொன்னேன். "மாமா, பின்னோடையில தண்ணி ஏறுது. உடனே கிளம்புங்க."

கரகர... கரகர...

"சரிம்மா. வர்றேன்."

மாமாவின் குரல்தான். ஆனால் பொதுச்சீனத்தில் சொன்னார். அவருக்குப் பொதுச்சீனம் தடுக்கித் தடுக்கித்தான் வரும். இது வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னொன்றும் உறுத்தியது. கடலுக்கு நடுவே நிற்கிறார், குரலில் காற்றுச் சத்தமே இல்லை. கதவு சாத்திய அறைக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது.

மாமா நகர்ந்தார். கரைப்பக்கம் இல்லை. கடல் பக்கம்.

"மாமா, இந்தப் பக்கம். கரைக்கு வாங்க."

"சரிம்மா. வர்றேன்."

இன்னும் நாலு எட்டு... கடல் பக்கம்.

பக்கத்தில் மாஸ்டர் சிரித்தார். "ரெண்டாவது ஆளை எங்கே பிடிச்சே? சொல்லவே இல்லையே. ரெண்டு தொப்பி நல்லாத்தான் இருக்கு."

நான் ஒருவரைத்தான் அமர்த்தியிருந்தேன்.

பார்த்தேன். இரண்டு தொப்பிகள்.

ஒன்று மாமா. அவருக்கு முன்னால் இன்னொன்று. எங்களுக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தது. மாமா அதன் பின்னாலேயே போனார்.

"மாமா... உங்க முன்னால யாரு?"

கரகர...

"யாரும் இல்லையே. வர்றேம்மா."

க்ளிக். க்ளிக். க்ளிக். என்னைச் சுற்றிப் பன்னிரண்டு கேமராக்கள்.

"மாமா, திரும்புங்க!"

"வர்றேம்மா."

தண்ணீர் அவர் தொடையில்.

"வர்றேம்மா."

இடுப்பில்.

நான் வாக்கி டாக்கியை வீசி எறிந்தேன்.

ஓடினேன். வேனைத் திறந்தேன். அம்மாவுக்காக வாங்கிய பட்டாசுச் சரத்தை இழுத்துக்கொண்டு, சறுக்கி, விழுந்து, கரை வரை போனேன். முதல் இரண்டு தீக்குச்சிகள் பற்றவில்லை.

மூன்றாவது பற்றியது.

பட... பட... பட... பட...

மாமா திரும்பினார்.

அவர் முன்னால் யாரும் இல்லை.

ஒவ்வொரு மூங்கில் கழியாகப் பிடித்துப் பிடித்து வந்தார். ஓடையில் தண்ணீர் அவர் நெஞ்சைத் தொட்டது. நான் கழுத்து வரை இறங்கி, சட்டையைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினேன். இருவரும் சேற்றில் கிடந்து இருமினோம். மூச்சு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா? தண்ணி ஏறுது, ஏறுதுன்னு நான் கத்துறேன். நீ பாட்டுக்குத் தள்ளிப் போ, தள்ளிப் போங்கிற."

"நான் வரச் சொன்னேன் மாமா."

"உன் குரல் எனக்குத் தெரியாதா? தூக்கி வளர்த்தவன்டி நான்."

எனக்கு அப்போது ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. மாஸ்டர். அவரிடம் இன்னொரு வாக்கி டாக்கி இருந்திருக்க வேண்டும். யாரையோ என் குரலில் பேசவைத்து, ஒரு படத்துக்காக என் மாமாவைக் கடலுக்குத் தின்னக் கொடுத்திருக்கிறார். மேட்டிலிருந்து அவர் வெளிறிய முகத்தோடு இறங்கி வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. அவர் முக்காலியை உதைத்துச் சேற்றில் தள்ளினேன். எங்கள் ஊர்ப் பேச்சில் எத்தனை வசவு உண்டோ அத்தனையும் அவருக்குக் கொடுத்தேன். "நீயெல்லாம் மனுஷனாய்யா? செத்தவங்க ஓடிட மாட்டாங்கன்னு சொன்னேல்ல, இன்னொருத்தரையும் அங்கே அனுப்பப் பாத்தியா?" பன்னிரண்டு பேரும் தலை குனிந்து நின்றார்கள். மனசு ஆறவில்லை என்றாலும் கொஞ்சம் குளிர்ந்தது.

மாமாவை வீட்டில் படுக்கவைத்து, இஞ்சிக் கஷாயம் கொடுத்துவிட்டு, மத்தியானம் அவர்கள் தங்கியிருந்த விடுதிக்கு வந்தேன். எல்லோரும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். குழுவில் ஷென் அக்கா என்று ஒருவர். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், காலையில் எனக்குப் பக்கத்திலேயே நின்றவர். என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார்.

"மாஸ்டர் திமிர் பிடிச்ச ஆளுதான். இல்லேங்கல" என்றார். "ஆனா இதுல அவர் மேல பழி போடாதே."

போனை நீட்டினார். ஊர் ஞாபகத்துக்காகக் காலையில் என்னை வீடியோ எடுத்திருக்கிறார். சத்தத்தோடு.

மேடு. மூடுபனி. தூரத்தில் ஒரே ஒரு தொப்பி. முன்னால் நான், வாக்கி டாக்கியை வாயருகே வைத்துக்கொண்டு.

என் வாய் அசைந்தது. தெளிவான பொதுச்சீனம்.

"இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்க, மாமா."

கரகரவென்று பதில். எங்கள் ஊர்ப் பேச்சு. காற்றுச் சத்தம் பிய்த்துக்கொண்டு போனது.

"லான்... இடுப்புக்கு வந்துருச்சு. போதுமாம்மா?"

"இன்னும் கொஞ்சம்."

படத்துக்கு வெளியே மாஸ்டரின் குரல் கேட்டது. "போதும்மா. அந்தாளை வரச் சொல்லு. ஏய், போதும்னு சொல்றேன்ல?"

"இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்க."

என் குரல்தான். என் வாய்தான்.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். அப்போதும் கோபம்தான் வந்தது, அவர்கள் எல்லோர் மேலும்.

"பக்கத்துல பன்னிரண்டு பேர் நின்னீங்களே. ஒருத்தராவது என் கையிலிருந்து அதைப் பிடுங்கக் கூடாதா?"

ஷென் அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உனக்குத்தானேம்மா இந்தக் கடல் தெரியும். நாங்க எல்லாரும் உன் மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டு இருந்தோம்... நீ சிரிச்சுக்கிட்டே சொன்னே. அதான் யாரும் பயப்படல."